கடலிலிருந்து கரைக்கு வரும் கன்னியம்மன்... மணலில் ஏழு படி கட்டிக் கூப்பிடும் இருளர்கள்!

மாசி மகம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தீர்த்தவாரிதான். கோயிலில் இருக்கும் சுவாமி, அலங்காரத்தோடு வாகனத்தில் ஏறி, மேளதாளம் முழங்கக் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ எழுந்தருள்வார். தீர்த்தமாடுவார். பிறகு கோயிலுக்குத் திரும்பிவிடுவார். சென்னை மெரினாவிலிருந்து கும்பகோணம் மகாமகக் குளம் வரை இதுதான் வழக்கம்.

அதே மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இன்னொரு வழிபாடும் நடக்கிறது. அங்கே பயணத்தின் திசையே வேறு. கோயிலிலிருந்து சுவாமி கடலுக்குப் போவதில்லை; கடலிலிருந்து அம்மன் கரைக்கு வருகிறாள். அவளுக்குக் கோபுரம் கிடையாது. கருவறை கிடையாது. உண்டியலும் கிடையாது. ஈர மணலைக் குவித்துக் கட்டிய ஏழு படிகள்தான் அவளுடைய சந்நிதி. வெயில் ஏறி, அலை நாலு முறை வந்து போனால் அதுவும் கரைந்துவிடும்.

அவள் பெயர் கன்னியம்மன். அவளை அழைக்க வருகிறவர்கள் இருளர் பழங்குடி மக்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் எனப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். ஒரு ராத்திரி, ஒரு விடியற்காலை. அதற்குள் சாமி கும்பிட்டு, கல்யாணம் பேசி, தாலி கட்டி, குழந்தைக்கு மொட்டை போட்டு, காது குத்தி, பங்காளிச் சண்டையைத் தீர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஒரு நாள் திருவிழாவுக்குள் ஏன் இவ்வளவு? அதைத் தெரிந்துகொள்ள, மற்ற 364 நாள்களும் இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மலையில் இல்லை... பக்கத்து ஏரிக்கரையில்!

பழங்குடி என்றால் மலை, அடர்ந்த காடு, அருவி என்றே நம் மனதில் பதிந்திருக்கிறது. நீலகிரி, கோவைப் பக்கத்து மலைகளிலும் இருளர்கள் உண்டு. அவர்களுக்கென்று தனி மொழியும் இருக்கிறது. ஆனால், வட மாவட்டங்களில் வாழும் இருளர்கள் சமவெளி மக்கள். பேசுவது தமிழ். வசிப்பது ஏரிக்கரையில், ஓடை ஓரத்தில், வயலை ஒட்டிய புறம்போக்கில்.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம். அதாவது, தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருளர். தோடர், கோத்தர், குரும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு சேர்த்து, தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த நிலையில் உள்ள ஆறு பழங்குடிகளில் ஒன்றாக இவர்களை மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கிறது.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் வேப்பம்பட்டைத் தாண்டினால் செவ்வாப்பேட்டை ரோடு. அடுத்தது புட்லூர். அதற்கடுத்து திருவள்ளூர். தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்கும் பாதை இது. இங்கிருந்து பூண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், கும்மிடிப்பூண்டி எனப் பிரியும் சாலைகளில் போனால் ஒரு பக்கம் தொழிற்சாலைகள், மறு பக்கம் நெல் வயல்கள், ஏரிகள், நடுநடுவே புகை போக்கியோடு நிற்கும் செங்கல் சேம்பர்கள். இந்த மாவட்டம் முழுக்கச் சிறு சிறு கொத்தாக இருளர் குடியிருப்புகள் பரவிக் கிடக்கின்றன. சில இடங்களில் பத்து வீடு இருக்கும். சில இடங்களில் அதுகூட இருக்காது.

பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால் அவர்களின் இன்னொரு திறமையைப் பார்க்கலாம். வலை இல்லாமல், முழங்கால் ஆழத் தண்ணீரில் குனிந்து, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஒரு பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் அந்தப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள்.

வயலில் எலி வளையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே எலி இருக்கிறதா, இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மூலிகைகள் தெரியும். ஈசல் எப்போது கிளம்பும் என்பது தெரியும். பாம்பு ஊர்ந்த தடத்தை வைத்தே அது எந்தப் பாம்பு என்று சொல்வார்கள்.

ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரம் இவர்களுக்குப் பிழைப்பாக இருந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழில் நின்றது. அதற்கு மாற்றாக, பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுக்கிறார்கள். பிறகு பாம்புகளைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடப்படும் விஷமுறிவு மருந்து பல ஆண்டுகளாக இந்த விஷத்தை நம்பித்தான் இருக்கிறது. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஏழு கன்னிமார்

கன்னியம்மன் ஏழு கன்னிமாரில் ஒருத்தி என்பது இருளர்களின் நம்பிக்கை. தமிழகக் கிராமங்களில் ஏரிக்கரை, கிணற்றடி, ஆற்றோரம் என நீர் இருக்கும் இடங்களில் ஏழு கல்லை வரிசையாக நட்டு மஞ்சள் குங்குமம் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கன்னிமார்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் குலதெய்வ வரிசையில் கன்னிமார் உண்டு. இருளர்களுக்கோ அவளே முதல் தெய்வம்.

குடியிருப்புகளில் அவளுக்குப் பெரிய கோயில் இருக்காது. வேப்ப மரத்தடி, ஓர் அகல் விளக்கு, கொஞ்சம் மஞ்சள், ஒரு செம்பு தண்ணீர். அவ்வளவுதான். பூஜை செய்கிறவரும் வெளியிலிருந்து வருபவர் இல்லை. அவர்களுக்குள்ளேயே ஒரு பெரியவர், ஒரு பாட்டி, அல்லது அருள் வந்து ஆடும் ஒருவர். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், போன காரியம் நடக்கவில்லை என்றாலும் அவர் வாயால் அம்மன் என்ன சொல்கிறாள் என்று கேட்பார்கள்.

செவ்வாப்பேட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. ஒரு ஸ்டேஷன் தள்ளி, புட்லூர் அங்காள பரமேஸ்வரி கோயிலில் அம்மன் புற்று வடிவில்தான் இருக்கிறாள். நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்திருப்பது போன்ற அந்தப் புற்றின் முன்னால், குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் வரிசையில் நிற்பதை எல்லா வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம். மண்ணும், நீரும், புற்றும், மரமுமே தெய்வம் என்ற வழிபாடு இந்த மண்ணில் வெகு ஆழமாக வேரோடியிருக்கிறது. இருளர்களிடம் அது இன்னும் கட்டடமாக மாறவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கோபித்துக்கொண்டு போன அம்மன்

மாசி மகத்துக்கு ஏன் மாமல்லபுரம்? அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். இடத்துக்கு இடம், குடும்பத்துக்குக் குடும்பம் கொஞ்சம் மாறும். சாரம் இதுதான்.

கன்னியம்மனுக்குத் தன் பிள்ளைகள் மேல் கோபம் வந்துவிட்டது. அவர்களை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விட்டாள். அம்மா இல்லாத வீடு என்ன ஆகும்? பிள்ளைகள் கரைக்கு ஓடினார்கள். தப்புக்கு மன்னிப்புக் கேட்டார்கள். திரும்பி வரச்சொல்லிக் கதறினார்கள். அவள் மனம் இரங்கியது. ஆனால், முழுக்கத் திரும்பி வரவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, மாசிப் பௌர்ணமிக்குக் கரைக்கு வருவேன், அன்று எல்லோரும் வந்து என்னைப் பாருங்கள் என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்கை நம்பித்தான் இத்தனை தலைமுறையாக வருகிறார்கள். கதையில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். அம்மன் 'எல்லோரும்' வரச் சொல்கிறாள். ஒருவர் வந்து எல்லோருக்குமாகச் சேர்த்து அர்ச்சனை செய்துவிட்டுப் போகும் வேலை இங்கே நடக்காது. கைக்குழந்தை முதல் கண் தெரியாத தாத்தா வரை அத்தனை பேரும் வர வேண்டும்.

சேலைக் கூடாரம், ஈர மணல், விடியல்

மகத்துக்கு முந்தைய நாளே கூட்டம் சேரத் தொடங்கும். பேருந்திலும் வேனிலும் வருவார்கள். செவ்வாப்பேட்டைப் பக்கத்திலிருந்து என்றால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பாத்திரம், அரிசி, விறகு, பழைய சேலைகள், நாலைந்து கழிகள் என எல்லாம் உடன் வரும்.

கழிகளை மணலில் ஊன்றி மேலே சேலையைக் கட்டினால் கூடாரம் தயார். கொஞ்ச நேரத்தில் கடற்கரை முழுக்கச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என வண்ண வண்ணக் குடில்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் அடுப்பு. பக்கத்துக் குடிலில் யார், எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டு பெரியவர்கள் நடப்பார்கள். போன வருஷம் பார்த்த அத்தையை இந்த வருஷம் தேடிக்கொண்டு பிள்ளைகள் ஓடும்.

நிலா ஏறிய பிறகு சாமியாட்டம். அருள் வந்தவர்கள் குறி சொல்ல, சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பலர் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. உடம்புக்கு ஏன் முடியவில்லை, பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும், குடிப்பதை இவன் எப்போது விடுவான்...

கிழக்கு வெளுக்கும்போது எல்லோரும் கடலை நோக்கி நடப்பார்கள். முதலில் கடலில் குளியல். பிறகு குடும்பம் குடும்பமாக ஈர மணலைக் கூட்டி ஏழு படிகள் கட்டுவார்கள். அதில் மஞ்சள், குங்குமம், பூ. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பொரி படையல். சிலர் கன்னியம்மன் படத்தை வைப்பார்கள். கற்பூரம் ஏற்றி, கடலைப் பார்த்துக் கும்பிட்டு அவளைக் கூப்பிடுவார்கள். அலை வந்து படியைத் தொடுவது அவள் வந்ததற்கு அடையாளம்.

அதே கரையில் சற்றுத் தள்ளி நிற்கிறது பல்லவர் காலக் கடற்கரைக் கோயில். 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. அன்றைய தினமே மாமல்லபுரம் தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். ஒரே கரையில், ஒரே காலைப்பொழுதில், மூன்று விதமான பக்தி. கல்லில் செதுக்கியது ஒன்று. வாகனத்தில் ஏறி வருவது ஒன்று. மணலில் கட்டி மணலிலேயே விட்டுவிட்டுப் போவது இன்னொன்று.

பந்தல் கிடையாது, பத்திரிகை கிடையாது... கல்யாணம் உண்டு!

பூஜை முடிந்த கையோடு மணலிலேயே கல்யாணங்கள் தொடங்கும். புதுப் புடவை, புது வேட்டி, இரண்டு மாலை, மஞ்சள் கயிறு. கன்னியம்மன் படிகளின் முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்தி, பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டுகிறார்கள். ஐயர் இல்லை, மண்டபம் இல்லை. சுற்றியிருக்கும் எல்லோருமே சாட்சி. பக்கத்திலேயே ஒரு குழந்தைக்கு மொட்டை. இன்னொன்றுக்குக் காதுகுத்து. இன்னொரு குடிலில் பெண் பார்க்கும் பேச்சு. இந்த வருஷம் பேசி முடித்தால் அடுத்த வருஷம் இதே கரையில் கல்யாணம்.

சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. இருளர் குடும்பங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வது குறைவு. அண்ணன் ஓர் ஏரிக்கரையில், தம்பி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தோப்புக் காவலில், அக்கா வேறொரு மாவட்டத்துச் சூளையில். பலருக்கு நிரந்தர முகவரி கிடையாது. சொந்தத்தில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்பதே மாசிக் கடற்கரையில்தான் தெரியவரும்.

மற்றவர்களுக்குக் கோயில், கல்யாண மண்டபம், பஞ்சாயத்து, பத்திரப் பதிவு அலுவலகம், ரேஷன் அட்டை என்று தனித்தனியாக இருப்பதெல்லாம் இவர்களுக்கு அந்த ஒரு ராத்திரிக்குள் அடக்கம். 'நாம் இருளர், நாம் இத்தனை பேர் இருக்கிறோம்' என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஒரே இடம் அந்த மணல்தான்.

மாசியும் சூளையும்

இந்தத் திருவிழாவின் இன்னொரு பக்கம் கொஞ்சம் கசப்பானது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் செங்கல் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். மண் குழைத்து, கல் அறுத்து, காயவைத்து அடுக்கும் வேலை கோடை முழுக்க ஓடும். மழை வந்தால் நின்றுவிடும். எனவே, வெயில் இருக்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்குப் பணம். மாசி மகம் வருவது பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதிக்குள். சரியாக வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்.

சீசன் தொடங்கும் முன்பே மேஸ்திரி மூலமாக முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு சூளைக்குப் போவது பல இருளர் குடும்பங்களின் நிலை. கல்யாணம், மருத்துவம், சாவு எதற்கோ வாங்கிய பணம் அது. எத்தனை கல் அறுத்தாலும் கணக்கு முடியாது. நோட்டுப் புத்தகம் மேஸ்திரியிடம் இருக்கும். படிக்கத் தெரியாதவர்கள் கேள்வி கேட்க முடியாது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் சூளைகளிலும், செங்குன்றம் சுற்றுவட்டார அரிசி ஆலைகளிலும் இப்படிச் சிக்கியிருந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் கடந்த 20 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன.

எல்லாச் சூளையும் அப்படி இல்லை. ஒழுங்காகக் கூலி கொடுத்து, பண்டிகைக்கு அனுப்பி வைக்கும் முதலாளிகளும் உண்டு. வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் எளிய கேள்வி போதும். 'மாசி மகத்துக்குப் போனீர்களா?'

இது பண்டிகை விசாரிப்பு போலத் தெரியலாம். சட்டத்தின் கண்ணிலும் இதற்கு அர்த்தம் உண்டு. 1976 பிப்ரவரி 9-ம் தேதி ஒப்புதல் பெற்ற கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமை யார் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்பணமோ கடனோ வாங்கியதற்காக ஒருவர் கூலியே இல்லாமல் அல்லது பெயருக்குக் கூலி வாங்கி உழைத்தால் அது கொத்தடிமைத்தனம். வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும் அப்படித்தான். நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலும் அப்படித்தான். சங்கிலியால் கட்டிப்போட வேண்டியதில்லை. 'பணத்தைக் கட்டிவிட்டுப் போ' என்று சொல்லி ஒரு குடும்பத்தை நிறுத்திவைப்பதே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டப்படி அந்தக் கடனும் அத்தோடு ரத்து.

1982-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. டெல்லி ஆசியப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தது. வறுமையும் ஒருவரைக் கட்டிப்போடும் கயிறுதான் என்பது அதன் பொருள்.

இப்படிச் சிக்கியவர்களை மீட்டால் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்குவார். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வழங்க மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் இடமுண்டு. வழக்கு முடிந்த பின் கிடைக்கும் தொகை 1 லட்சம் ரூபாயில் தொடங்கி, பாதிப்பைப் பொறுத்து உயரும். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்குபவரும் இதே கோட்டாட்சியர்தான். 'நீ இருளர்' என்று ஒரு காகிதம், 'நீ இனி அடிமை இல்லை' என்று இன்னொரு காகிதம். இரண்டுக்கும் ஒரே மேசை. அந்த மேசை வரை போய் நிற்பதுதான் கஷ்டம். சாதிச் சான்று கேட்டால் அப்பாவின் சான்று கேட்கிறார்கள். பட்டா கேட்டால் முகவரிச் சான்று கேட்கிறார்கள். ஏரிக்கரையில் பிறந்து சூளையில் வளர்ந்தவரிடம் எது இருக்கும்? சாதிச் சான்று இல்லாமல் பழங்குடி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை இல்லை, கல்லூரியில் இட ஒதுக்கீடு இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளை திரும்பவும் சூளைக்கே போகிறது.

திரிபுராவில் ஒரு மகர சங்கராந்தி

நீர்க்கரையில் ஒன்று கூடுவது இருளர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் இல்லை. நாட்டின் இன்னொரு மூலையில், வங்கதேசத்தால் மூன்று பக்கமும் சூழப்பட்ட திரிபுராவுக்குப் போனால் இதே போன்ற காட்சியைப் பார்க்கலாம்.

அங்கே வாழும் திரிபுரிகள் சுமார் 6 லட்சம் பேர். தாய்மொழி கொக்பொரோக். நாம் பொங்கல் கொண்டாடும் அதே தை முதல் நாளையொட்டி, அவர்கள் 'ஹங்ராய்' கொண்டாடுகிறார்கள். கோமதி ஆற்றின் தீர்த்தமுக் என்ற இடத்தில் கூடி, அந்த ஆண்டு இறந்துபோன உறவினர்களின் அஸ்தியைக் கரைத்து, நீராடி, முன்னோரை வணங்குகிறார்கள். சித்திரைப் பிறப்பையொட்டி 'கரியா' பூஜை. இதில் தெய்வம் ஒரு மூங்கில் கழி! நன்றாக விளைய வேண்டும், பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும் என்று அதைச் சுற்றி ஆடிப் பாடுவார்கள். ஆடி மாதம் நெருங்கும்போது பழைய அகர்தலாவில் 'கார்ச்சி' பூஜை, ஏழு நாள்கள். அங்கே 14 தெய்வங்கள், 14-க்கும் தலை மட்டும்தான் உண்டு. முதல் நாள் அவற்றை ஆற்றுக்கு எடுத்துப்போய் நீராட்டுவார்கள். தலைமைப் பூசாரிக்கு 'சந்தாய்' என்று பெயர்.

மூங்கிலும் ஆறும் தெய்வம் என்பதில் இருளர்களும் திரிபுரிகளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலத்தான். ஒரே ஒரு வேறுபாடு. திரிபுரிகளுக்கு ராஜா இருந்தார்கள். மாணிக்ய வம்சம் நூற்றாண்டுகளாக ஆண்டது. 1949 அக்டோபர் 15-ல் திரிபுரா இந்தியாவோடு இணைந்தபோது, ராஜ்யத்துக் கோயில்களின் பூஜைகளை அரசு தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதும் இணைப்பு ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. அதனால் இன்றைக்கும் கார்ச்சி பூஜை அரசுச் செலவில் நடக்கிறது. அந்தத் திருவிழாவுக்கு ஊரே கூடுகிறது.

இருளர்களுக்கு ராஜாவும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. கன்னியம்மனுக்கு மானியமாக எழுதிவைத்த நிலம் இல்லை, அறங்காவலர் இல்லை. அம்மன் கொடுத்த வாக்கும், அதை மறக்காத பிள்ளைகளும்தான் இந்தத் திருவிழாவை இன்றுவரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

மாறுவதும் மாறாததும்

சூர்யா நடித்த 'ஜெய் பீம்' படம் 2021-ல் வெளிவந்த பிறகு, இருளர் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. மாசி மகத்தன்று கேமராவும் செல்போனுமாக மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். சூரிய உதயம், வண்ணச் சேலைகள், மணல் படிகள்... படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

போகலாம், தப்பில்லை. ஆனால், அது அவர்களின் குலதெய்வக் கோயில் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் வீட்டுக் குலதெய்வப் பூஜையில் யாரோ முன்பின் தெரியாதவர் வந்து, அருள் வந்து ஆடும் பாட்டியின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். குளிக்கும் இடத்தில் எடுக்காதீர்கள். மணல் படிகளை மிதிக்காமல் சுற்றி நடங்கள். கல்யாணத்தைப் பார்த்தால் மணமக்களை வாழ்த்துங்கள். பொரியும் பழமும் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

கடற்கரை வரை போக முடியாதவர்கள் பக்கத்திலேயே செய்யக்கூடிய காரியங்களும் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளியில் இருளர் குழந்தை படிக்கிறதென்றால், அதன் பெற்றோருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு உடன் போகலாம். பக்கத்துச் சூளையிலோ ஆலையிலோ ஒரு குடும்பம் பண்டிகைக்குக்கூட வெளியே வர முடியாமல் இருக்கிறது என்று தெரிந்தால், கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ ஒரு மனு போதும். விசாரிக்க வேண்டியது அவர்களின் சட்டப்படியான கடமை.

அடுத்த மாசி மகத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு, திருவள்ளூர்ப் பக்கத்து வேன் ஒன்று மாமல்லபுரம் கடற்கரை ஓரமாக வந்து நிற்கும். அதிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள், யார் யார் வரவில்லை என்று ஒரு பெரியவர் கட்டாயம் எண்ணிப் பார்ப்பார். எல்லோரும் வர வேண்டும் என்பதுதான் கன்னியம்மன் கேட்டது.